மணிக்கட்டில் எத்தனை நரம்பு?

போன மழைக்காலத்தில் என் அத்தைக்குக் காய்ச்சலும் வாந்தியுமாக வந்து, உடம்பில் நீர்ச்சத்து வற்றி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. குளுக்கோஸ் ஏற்ற வந்த சிஸ்டர் முன்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, புறங்கையை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “கையை நல்லா இறுக்கி மூடுங்கம்மா, நரம்பே சிக்க மாட்டேங்குது” என்றார். மூன்றாவது முறை ஊசி ஏறியது. அவர் போனதும் அத்தை என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “ஏப்பா, நரம்புல குத்திட்டாங்களே, கை வெளங்காமப் போயிருமா?”

அத்தைக்கு 15 வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் எரிகிறது என்று போனபோது, “நரம்பு பாதிச்சிருக்கு” என்று சொல்லித்தான் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஏற்கெனவே கெட்டுப்போன அதே நரம்பில் இப்போது ஊசியையும் ஏற்றிவிட்டார்கள் என்று அவர் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதும் சிஸ்டர் சொன்னதும் ஒரே சொல். அதற்கு முந்தின மாதம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தபோது, “நரம்பு புடிச்சுக்கிச்சு, கொஞ்சம் நீவி விடு” என்றவரும் அத்தைதான். அடுத்த வீட்டுப் பெரியவரின் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்து நெளிவதை நாம் எல்லோருமே ‘நரம்பு சுருட்டு’ என்கிறோம். நான்கு இடத்திலும் சொல் ஒன்று. உடம்புக்குள்ளே அவை மூன்று வேறு பொருள்கள். வேலையும் வேறு, கெட்டுப்போனால் வரும் விளைவும் வேறு. இது புரியாமல் அத்தை அன்று இரவு முழுக்கக் கையை அசைக்காமல், மடியில் குழந்தையைக் கிடத்தியதுபோல் வைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் நான். தமனி, சிரை, தசைநாண் என்று பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள், முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போனதும் எல்லாம் மறுபடியும் நரம்பாகிவிடுகிறது. பாடநூல் சொல்லும் வீட்டுச் சொல்லும் ஒரே உடம்பைப் பற்றியவை என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டுவதே இல்லை. அன்று அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்கும்போது உங்கள் கையையும் நீட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டை விரல் நுனியும் சுண்டு விரல் நுனியும் தொட்டபடி இருக்க, மணிக்கட்டை உள்பக்கமாகக் கொஞ்சம் மடியுங்கள். நடு மணிக்கட்டில் ஒரு கயிறு விறைத்து எழும்பும். ‘நரம்பு தெரியுது’ என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். இது தசைநாண். முன்கையின் சதைக்குள்ளே இருக்கும் ஒரு தசை குறுகிக் குறுகி, கடைசியில் வெண்மையான உறுதியான கயிறாகி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. தசை சுருங்கினால் கயிறு இழுபடும், மணிக்கட்டு மடங்கும். விரல்களுக்கும் இதே ஏற்பாடுதான். விரலுக்குள் விரலை மடக்கும் தசை ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பெரிய தசைகள் முன்கையில் உட்கார்ந்துகொண்டு, பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து நூலை இழுப்பதுபோல் விரல்களை ஆட்டுகின்றன. விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் அசைத்துக்கொண்டே மற்றக் கையால் முன்கையைப் பிடித்துப் பாருங்கள். ஆட்டுவிப்பவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும்.

கயிறு எழும்பவில்லையா? கவலை வேண்டாம். சிலருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலோ இந்தத் தசை பிறவியிலேயே இருக்காது. அதனால் பிடிமானத்தில் ஒரு குறையும் வராது. இப்படி இல்லாமலும் இருக்கலாம் என்பதால்தான், வேறு இடத்தில் அறுந்துபோன நாணுக்கு ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, தோலுக்கு அடியில் மங்கலாக ஓடும் நீலக் கோடுகள். இவை சிரைகள். உடம்பெங்கும் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இவற்றில் போகிறது. ரத்தம் நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. தோலை ஊடுருவிப் போய்த் திரும்பும் ஒளி நம் கண்ணுக்கு அப்படிக் காட்டுகிறது. சிஸ்டர் தேடியது இதைத்தான். ரப்பர் பட்டை கட்டியது, திரும்பிப் போகும் ரத்தத்தைக் கொஞ்ச நேரம் மடக்கி சிரையைப் புடைக்கவைப்பதற்கு. உடம்பில் நீர் வற்றியிருந்ததால் அத்தையின் சிரைகள் சுருங்கிக் கிடந்தன. ‘நரம்பு சிக்காததற்கு’ அதுதான் காரணம்.

கட்டை விரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரலை வையுங்கள். துடிக்கிறது அல்லவா? அது தமனி. சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று நாடி பிடித்துப் பார்ப்பது இதன் மேல்தான். இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் கிளம்பும் அழுத்த அலை இங்கே வந்து விரலில் முட்டுகிறது.

சரி, நரம்பு எங்கே? முதலில் பார்த்த அந்தக் கயிற்றுக்கு அடியில், கொஞ்சம் கட்டை விரல் பக்கமாக ஒதுங்கி, சுமார் அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, தொட்டாலும் தட்டுப்படாது. அது குழாய் இல்லை, உள்ளே எந்தத் திரவமும் ஓடவில்லை. முடியைவிட மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டுக் கட்டாகச் சேர்ந்த வெண்மையான வடம். விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களோடு சேர்ந்து ஒரு குறுகலான எலும்புப் பள்ளம் வழியே உள்ளங்கைக்குள் நுழைகிறது. அந்த வழியில் வீக்கம் கண்டு அது நசுங்கினால், கட்டை விரலிலிருந்து மோதிர விரலின் பாதிவரை மரத்துப்போகும். ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பவர்கள் பலருக்கு இதுதான் கோளாறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதலாகவே வருகிறது.

இப்படிக் காட்டி முடித்ததும் அத்தை ஒன்று கேட்டார்: “அப்ப அவங்க ஏன் நரம்புன்னு சொல்றாங்க?”

நியாயமான கேள்வி. சிஸ்டர் மட்டுமா சொல்கிறார்? இலையில் கிளைவிட்டு ஓடும் கோடுகளை நானே வகுப்பில் இலை நரம்பு என்கிறேன், அவை அமைந்திருக்கும் விதத்தை நரம்பமைவு என்று கரும்பலகையில் எழுதுகிறேன். இலை நரம்பில் ஓடுவது தண்ணீரும் உணவும். வேலையைப் பார்த்தால் அது ரத்தக்குழாய்க்குத்தான் உறவு. இன்னும் பின்னால் போனால், சங்கத் தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். மெல்லியதாக, நீண்டு, இழுத்துக் கட்டியதுபோல் இருப்பது எதுவோ அது நரம்பு. தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. வேலையைப் பார்த்து வைத்ததில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. பழைய கிரேக்க மொழியில் ‘நியூரான்’ என்றால் தசைநாண். அதே சொல்லின் குடும்பத்தில்தான் வில்லின் நாணும் யாழ் போன்ற லைரின் தந்தியும் இருந்தன. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்ற மருத்துவர் மனித உடல்களை அறுத்துப் பார்த்தார். வெள்ளைக் கயிறுகளில் சில எலும்பில் போய் முடிகின்றன, சில மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்ச் சேருகின்றன என்று கண்டு இரண்டையும் பிரித்துச் சொன்னார். அந்த இரண்டாவது வகையில் உணர்வைக் கொண்டுவருபவை, அசைவைக் கொண்டுபோகிறவை என்ற வேறுபாட்டையும் அவர் கண்டார். அவருடைய நூல்கள் அழிந்துபோயின. பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. வீட்டில் நாம் இன்றும் ஒன்றாகவே சொல்லிக்கொண்டிருப்பதைப் பிரித்துப் பார்க்க அந்த மனிதருக்கு ஒரு கத்தியும் கூர்ந்த கண்ணும் போதுமாயிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

தமனி என்ற சொல்லுக்குள்ளும் இப்படி ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. வடமொழியில் ‘தம்’ என்ற வேர் ஊதுவதைக் குறிக்கும். தமனி என்றால் ஊதுகுழல் போன்ற குழாய். கிரேக்கர்களும் தமனிகளில் காற்றுதான் ஓடுகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். உயிர் போனபின் தமனிச் சுவர் சுருங்கி ரத்தம் சிரைகளுக்குள் போய்விடுவதால், இறந்த உடலை அறுத்தால் தமனி வெறுமையாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து வந்த முடிவு அது. உள்ளே இருப்பது ரத்தம்தான் என்று 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் சோதனை செய்து காட்டினார். ஆனால் ரத்தம் கல்லீரலில் ஊறி, உடம்பெங்கும் பரவி, அங்கங்கே தீர்ந்துபோகிறது என்று அவரும் நினைத்தார். 1,400 ஆண்டுகளுக்கு மேல் உலகம் அப்படியே நம்பியது.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. 1628-இல் வெளிவந்த அவருடைய நூலில் எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம் இவ்வளவு, அரை மணி நேரத்தில் இத்தனை துடிப்பு, பெருக்கிப் பார்த்தால் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் தாண்டிவிடுகிறது. இவ்வளவு ரத்தத்தைக் கல்லீரல் எப்படி ஓயாமல் ஊறவைக்கும்? ஆகவே போன ரத்தமே திரும்பி வரவேண்டும். இன்றைய அளவுப்படி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது. நம் உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று.

ரத்தம் ஒருவழிப் பாதையில் போகிறது என்பதற்கு ஹார்வி செய்து காட்டிய சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கையைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள், முன்கைச் சிரைகள் புடைக்கும். கிளை பிரியாத ஒரு சிரையைத் தேர்ந்தெடுத்து, மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அதை எடுக்காமல், இன்னொரு விரலால் சிரையின் மேலே முழங்கையை நோக்கி ரத்தத்தை வழித்துவிட்டு அந்த விரலை மட்டும் எடுங்கள். வழித்த இடம் தட்டையாகவே கிடக்கும். மேலே போன ரத்தம் கீழே இறங்குவதில்லை. உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொண்டது. இப்போது கீழே அழுத்தியிருந்த விரலை எடுங்கள். சட்டென்று கீழிருந்து நிரம்பி மேலேறும். வகுப்பில் இதைச் செய்யும்போது, அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவான்.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் ‘நரம்பு சுருட்டு’ இந்த வால்வுகள் தளர்ந்துபோனதால் வந்தது. மேலே போகவேண்டிய ரத்தம் கீழேயே தேங்கி, சிரையைப் புடைக்கவைத்து நெளியவைக்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. நின்றுகொண்டே இருந்தால் அந்த உதவி கிடைக்காது.

தமனியில் போகும் ரத்தம் சிரைக்கு எப்படி மாறுகிறது என்பதை மட்டும் ஹார்வியால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1661-இல், இத்தாலியின் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கண்டுபிடித்தார். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும் அளவுக்குத்தான் அவற்றில் இடம் இருக்கும். உயிர்வளியை இறக்குவதும் கரியமில வாயுவை ஏற்றுவதும் அங்கேதான் நடக்கின்றன. தமனியும் சிரையும் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான சாலைகள் மட்டுமே.

மறுபடி நரம்புக்கு வருகிறேன். உடம்பில் கையால் தொட்டு உணரக்கூடிய நரம்பு ஒன்றும் இருக்கிறது. முழங்கையின் உள்பக்கம், எலும்பு முனைக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை உருட்டிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கதவு விளிம்பில் அந்த இடம் இடித்தால் சுண்டு விரல்வரை கரண்ட் அடித்த மாதிரி சுர்ரென்று ஓடுமே, அடிபட்டது இந்த நரம்புதான். அடி விழுந்தது முழங்கையில், உணர்ந்தது சுண்டு விரலில். சுண்டு விரலிலிருந்து வரும் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் கம்பி அது என்பதால், நடுவழியில் தட்டினாலும் மூளை அதைச் சுண்டு விரலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. தொழுநோயைக் கண்டறிய மருத்துவர்கள் முழங்கையில் தடவிப் பார்ப்பதும் இதே நரம்பைத்தான். அந்த நோயில் இது தடித்துப்போகும்.

நரம்பின் வழியே சேதி எவ்வளவு வேகத்தில் போகிறது? அதை அளக்கவே முடியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1850-இல், ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலின் நரம்பில் அளந்து காட்டினார். நொடிக்குச் சுமார் 30 மீட்டர். நம் உடம்பில் கொழுப்புறை சுற்றிய தடித்த இழைகளில் இது 100 மீட்டரையும் தாண்டும். உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம். இதை எல்லோருமே அனுபவித்திருக்கிறோம். இருட்டில் கட்டில் காலில் கால் விரல் இடிக்கிறது. இடித்தது உடனே தெரிகிறது, சுருக்கென்று ஒரு வலியும் கூடவே வருகிறது. ‘ஐயோ’ என்று குனிந்த பிறகுதான், ஒரு நொடி தாமதித்து, பொங்கிக்கொண்டு அந்தப் பெரிய வலி வருகிறது. முதலில் வந்தவை வேகமான இழைகளில், கடைசியில் வந்தது மெதுவான இழைகளில். அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுவதற்கும் காரணம் இருக்கிறது. தேய்ப்பதால் கிளம்பும் தொடு உணர்வு வேகமான இழைகளில் முந்திக்கொண்டு தண்டுவடத்துக்குப் போய், வலி நுழையும் வாசலைக் கொஞ்சம் சாத்திவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். நம் பாட்டிமார் அதற்கு முன்பிருந்தே தேய்த்துவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வீட்டுச் சொற்களெல்லாம் குழப்புபவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சில சொற்கள் பாடநூலைவிட நன்றாக விளக்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் போய் நின்று பாருங்கள். ஈரல், சுவரொட்டி, குடல் என்று கேட்டு வாங்கும் கூட்டத்தில் உடற்கூறியல் அறியாதவர் ஒருவரும் இல்லை. கல்லீரல், நுரையீரல், மண்ணீரல் மூன்றுக்கும் தமிழ் ஈரல் என்றே குடும்பப் பெயர் வைத்து, தொட்டுப் பார்த்த மாதிரி அடைமொழி கொடுத்திருக்கிறது. கனத்துக் கெட்டியாக இருப்பது கல்லீரல். மனிதனுக்கு அது சுமார் ஒன்றரை கிலோ, வலப்பக்க விலா எலும்புகளுக்குள் பதுங்கியிருக்கிறது. குடல் உறிஞ்சிய சத்து நிறைந்த ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை, முதலில் இங்கே வந்து கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். சேமிக்கவேண்டியதைச் சேமித்து, நஞ்சை முறித்து, பித்தநீரைச் சுரந்து அனுப்புவது இதுதான். நுரைபோல் காற்றுப் பொதிந்தது நுரையீரல். தண்ணீரில் போட்டால் மிதக்கும். கோடிக்கணக்கான காற்றுப்பைகள் அதற்குள் இருக்கின்றன. ஈரமண் நிறத்தில் குழைவாக இருப்பது மண்ணீரல், கறிக்கடையில் அதற்குத்தான் சுவரொட்டி என்று பெயர். சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்த சிவப்பணுக்களைப் பிடித்து உடைப்பது அதன் வேலைகளில் ஒன்று.

நுரையீரலுக்கு அடியில் விரிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். இந்தச் சொல்லை உருவாக்கியவருக்கு நான் மனத்துக்குள் கும்பிடு போடுவதுண்டு. உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. பந்தலில் துணி கட்டியதுபோல் வயிற்றுக்கு மேலே வளைந்து நிற்கும் தசை. நுரையீரலுக்குச் சொந்தமாக விரியும் சக்தி கிடையாது. இந்த விதானம் கீழே இறங்கும்போது மார்புக்கூடு பெரிதாகி, காற்று தானாக உள்ளே வருகிறது. விக்கல் என்பது இது திடீர் திடீரென்று இழுத்துக்கொள்வது.

பெரிய தொல்லை கொடுக்கும் வீட்டுச் சொற்கள் வயிறும் நெஞ்சும். விதானத்திலிருந்து இடுப்புவரை எல்லாமே நமக்கு வயிறு. தொப்புளைத் தொட்டு ‘இரைப்பை வலிக்குது’ என்பார்கள். இரைப்பை இருப்பது அதற்கு மேலே, இடப்பக்க விலா எலும்பு ஓரத்தில். தொப்புளைச் சுற்றி இருப்பது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். ‘கிட்னி வலி’ என்று அடிவயிற்றைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளின் நிழலில் இருக்கின்றன. அவை ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக அனுப்பிவிட்டு மற்றதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன.

இதில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். உள் உறுப்புகளின் இடத்தில் தடுமாறுவது நம் நாக்கு மட்டும் இல்லை, மூளையே தடுமாறுகிறது. குடல்வால் வீங்கும்போது வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும். குடல்வாலிலிருந்து வரும் நரம்பும் தொப்புள் தோலின் நரம்பும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் நுழைவதுதான் காரணம். வாழ்நாளெல்லாம் தோலிலிருந்தே சேதி வாங்கிப் பழகிய மூளை, இதையும் தோலின் கணக்கில் எழுதிவிடுகிறது. வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கும். இதயத்துக்கும் இப்படித்தான். அதன் உணர்வு நரம்புகள் நெஞ்சுத் தோலும் கையின் உள்பக்கமும் சேரும் அதே மட்டத்தில் தண்டுவடத்தில் சேருகின்றன. அதனால்தான் மாரடைப்பு வலி இடது தோளிலும் கையிலும் தாடையிலும்கூடத் தெரிகிறது. சிலருக்கு மேல் வயிற்றில் எரிச்சலாக மட்டும் வரும். ‘வாயு புடிச்சிருக்கு’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, எழுந்திருக்காமல் போனவர்கள் என் உறவிலேயே இருவர். நெஞ்சு என்ற ஒரே சொல்லுக்குள் இதயம், நுரையீரல், உணவுக்குழாய், விலாத் தசை எல்லாம் குடியிருக்கின்றன. வியர்த்துக் கொட்டுவதோடு, மூச்சு வாங்குவதோடு, அல்லது கைக்கும் தாடைக்கும் பரவுவதோடு நெஞ்சில் பாரம் வந்தால், வாயு என்று பெயர் வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். பெயர் வைப்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் உடம்பைப் பற்றித் துல்லியமாகப் பேச முடியாது என்று சிலர் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே அது பொய்யாகிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860-களில் தமிழுக்கே மாறிவிட்டார். மாணவர்களோடு உட்கார்ந்து பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’ ஆயிற்று, கிரேயின் உடற்கூறியல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று, வேதியியல் ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. தலைமுதல் பாதம்வரை பாடும் கேசாதிபாதத்தை அறிந்தவர்களுக்கு அங்காதிபாதம் என்ற பெயர் அந்நியமாகப் படாது. தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இல்லாவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் கடைப்பிடித்த முறை. 1873-இல் ஊர் திரும்பிய பிறகும், 1884-இல் இறக்கும்வரை தமிழ் நூல்களுக்காக உழைத்தார். தமிழிலேயே முழு மருத்துவப் படிப்பைப் படித்து, நோயாளியிடம் தமிழிலேயே பேசிய மருத்துவர்கள் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அந்த வழி நீளாமல் நின்றுபோனது எனக்குத் தீராத வருத்தம். நீண்டிருந்தால், சிரை என்ற சொல் இன்று வார்டில் புழங்கியிருக்கும்.

அத்தை குணமாகி வந்த இரண்டாம் வாரம், காலைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டது அது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொட்டது தெரிந்தால் சொல்லச் சொன்னார். சர்க்கரை முதலில் தாக்குவது உடம்பிலேயே நீளமான நரம்பிழைகளை. இடுப்புப் பக்கத்திலிருந்து கால் விரல்வரை போகும் இழை ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். அதன் உயிரணுவோ முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குச் சத்தை அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும், சர்க்கரை கூடிப்போனால் அந்தப் பராமரிப்பு முதலில் கெடுவது கடைக்கோடியில்தான். அதனால்தான் எரிச்சலும் மரப்பும் விரல் நுனியில் ஆரம்பித்து, காலுறை போடுவதுபோல் மேலே ஏறுகின்றன.

குதிகாலில் தொட்டபோது “ம்” என்றார் அத்தை. நடுப்பாதத்தில் “ம்”. இடது பெருவிரலில் கொஞ்சம் யோசித்து “ம்”. வலது பெருவிரலில் இழை வளைந்து நின்றது. அறையில் சத்தமே இல்லை. டாக்டர் இழையை எடுத்து மறுபடி வைத்தார். கண்ணை மூடியபடியே அத்தை கேட்டார்: “இன்னும் தொடலையா?”

இப்போது தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் தரையில் கைக்கண்ணாடியை வைத்து, அதன்மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்து, வலது பெருவிரலில் முள்ளோ காயமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். பேத்தி கேட்டால் அவரே விளக்குகிறார்: “இதுதான்டி நெசமான நரம்பு. ஊசி போட்டாங்களே, அது வேற.”